முகம் நிஜம், உயிர் எங்கே?

ஒரு மேஜை விளக்கு. பக்கத்திலே இன்னொரு மேஜை விளக்கு. ஒன்று பெரியது, மற்றது சிறியது.

சின்ன விளக்கு ஒரு பந்தை உருட்டி விளையாடுகிறது. துள்ளித் துள்ளிப் போகிறது. பந்தின் மேலேயே ஏறிக் குதிக்கிறது. பந்து காற்றுப் போய்ச் சப்பிவிடுகிறது. சின்ன விளக்கு தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது. பெரிய விளக்கு அதைக் குனிந்து பார்க்கிறது. கொஞ்ச நேரந்தான். அதற்குள் சின்னது வேறொரு பந்தோடு வந்துவிடுகிறது. முன்னதைவிடப் பெரிய பந்து! பெரிய விளக்கு, "இதை என்ன செய்வது?" என்பதுபோல் தலையை ஆட்டுகிறது.

கதை இவ்வளவுதான். ஓடும் நேரம் சுமார் 2 நிமிடம்.

அந்த விளக்குக்குக் கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் பார்க்கிற குழந்தை, "ஐயோ பாவம்!" என்கிறது. பக்கத்தில் இருக்கும் பாட்டியும் சிரிக்கிறார்.

"லக்சோ ஜூனியர்" என்பது அந்தப் படத்தின் பெயர். 1986-ல் அமெரிக்காவில் பிக்சார் கம்பெனி எடுத்தது. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்த படம். டைரக்டர் ஜான் லாசெட்டர்.

15 ஆண்டு கழித்து, 2001-ல் இன்னொரு படம் வந்தது. அதுவும் கம்ப்யூட்டரில் செய்ததுதான். கதாநாயகி அழகான ஒரு பெண். நிஜப் பெண் அல்ல, கம்ப்யூட்டர் பெண். கண் உண்டு. இமை உண்டு. தலையிலே 60,000 முடி உண்டு. படத்துக்கு ஆன செலவு 13 கோடியே 70 லட்சம் டாலர்.

ஜனங்கள் பார்த்தார்கள். "என்ன வேலைப்பாடு!" என்று வியந்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்காக மனம் இளகியவர்கள் குறைவு.

கண் இல்லாத விளக்கு மனதைத் தொட்டது. 60,000 முடி உள்ள பெண் தொடவில்லை. இது என்ன அதிசயம்?

"இது சினிமாக்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்குள் இது எப்போதோ வந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்ப்பது கம்ப்யூட்டர் பொம்மைப் படங்களைத்தான். அதோடு நிற்கவில்லை. பிளஸ் 2 முடித்த பையன், "அப்பா, நான் அனிமேஷன் படிக்கப் போகிறேன்" என்கிறான். அம்மா நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறாள். அவன் அங்கே எதைக் கற்றுக்கொள்ளப் போகிறான்? அதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தாயா, தந்தையா?

விளக்குப் படத்தை 1986-ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் ஒரு மாநாட்டில் காட்டினார்கள். கம்ப்யூட்டர் படம் போடுகிறவர்களின் மாநாடு அது. வந்திருந்தவர்கள் பெரிய பெரிய கணக்குப் புலிகள்.

படம் முடிந்தது. ஜிம் பிளின் என்ற விஞ்ஞானி லாசெட்டரைத் தேடி வந்தார். கம்ப்யூட்டர் படக் கலையில் பெரும் புள்ளி. லாசெட்டருக்கு உள்ளூரப் பயம். நிழல் எப்படி விழுகிறது, அதற்கு என்ன கணக்குப் போட்டீர்கள் என்று கேட்பாரோ? கேட்டால் என்ன பதில் சொல்வது?

பிளின் கேட்டது வேறு. அந்தப் பெரிய விளக்கு தாயா, தந்தையா என்று கேட்டார்!

லாசெட்டரே பின்னால் பலமுறை சொன்ன சம்பவம் இது. கணக்கு மேதைகூடக் கணக்கை மறந்துவிட்டார். விளக்கை ஒரு குடும்பமாகப் பார்த்தார்.

இதை எப்படிச் சாதித்தார்கள்? லாசெட்டரோடு வேலை பார்த்த ஒருவர் தம் கைக்குழந்தையை ஆபீசுக்குக் கொண்டுவந்தார். குழந்தையின் உடம்புக்குத் தலை பெரிது. கை கால் குட்டை. லாசெட்டர் அதைக் கவனித்தார். பெரிய விளக்கை அப்படியே சிறிதாக்கினால் அது குழந்தை ஆகாது; குள்ளமான பெரியவர்தான் ஆகும். எனவே தண்டுகளைக் குட்டையாக்கினார். ஆனால் சுருள் கம்பியின் பருமனைக் குறைக்கவில்லை. பல்பையும் குறைக்கவில்லை. பல்பு கடையில் வாங்குகிற சாமான். விளக்கு வளர்ந்தாலும் பல்பு வளராது அல்லவா?

இந்த வேடிக்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விளக்கு குழந்தைபோல் குதிப்பது பொய். பல்பின் அளவு உண்மை. பொய்யும் உண்மையும் எந்த இடத்தில் எவ்வளவு என்று அவர் தேர்ந்தெடுத்தார். கம்ப்யூட்டர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மாவு மூட்டை அழுதது

இந்த வித்தை கம்ப்யூட்டரோடு பிறந்தது அல்ல. வால்ட் டிஸ்னி தம் படக்கூடத்தில் 1930-களிலேயே ஆட்களை வைத்து இதைப் பழக்கினார்.

அங்கே புதிதாகச் சேரும் ஓவியருக்கு முதல் பாடம் பந்து. ஒரு பந்து துள்ளுவதை வரைய வேண்டும். தரையில் மோதும்போது பந்து சப்பையாக வேண்டும். எழும்பும்போது நீள வேண்டும். ஆனால் பந்தின் மொத்தப் பருமன் மாறக்கூடாது. சப்பையானால் அகலம் கூட வேண்டும். நீண்டால் அகலம் குறைய வேண்டும். இதிலே தவறினால் பந்து துள்ளாது. ஊதிச் சுருங்குகிற பலூன்போல் ஆகிவிடும்.

இன்னொரு பாடம் மாவு மூட்டை. பாதி நிரம்பிய மூட்டை. அதற்கு முகம் கிடையாது. அந்த மூட்டை சந்தோஷப்பட வேண்டும். கோபப்பட வேண்டும். அழ வேண்டும். மூட்டையின் மேல் இரண்டு மூலைகளும் கீழே தொங்கி, நடு வளைந்தால் துக்கம். நிமிர்ந்து மார்பை விரித்தால் கர்வம். மூட்டையை அழவைக்கத் தெரிந்தவன் எதையும் அழவைப்பான்.

டிஸ்னியிடம் வேலை செய்த பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இருவர் இந்தப் பாடங்களை 12 விதிகளாகத் திரட்டி 1981-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். அந்த 12-ல் ஒன்று மிகைப்படுத்துதல். மிகை என்றால் கண்டபடி கோணலாக்குவது அல்ல. துக்கமாக இருந்தால் இன்னும் துக்கமாகக் காட்டு. வேகமாக இருந்தால் இன்னும் வேகமாகக் காட்டு. விஷயத்தின் சாரத்தைப் பிடித்துப் பெரிதாக்கு. அவ்வளவுதான்.

1937-ல் டிஸ்னியின் "ஸ்னோ ஒயிட்" வந்தது. ராஜகுமாரி ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் வரும் கதை. ராஜகுமாரிக்காக ஒரு நடனப் பெண்ணை ஆடவைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை மேலே காகிதம் வைத்து அப்படியே நகல் எடுத்தால் என்ன? எடுத்துப் பார்த்தார்கள். அசைவு சரியாக இருந்தது; உயிர் போய்விட்டது! ஓவியர்கள் மறுபடி தங்கள் கையால் மாற்றி வரையவேண்டி வந்தது.

அந்தப் படத்தில் ராஜகுமாரன் நிஜ மனிதன்போல் இருப்பான். அவனை வரைவது பெரும்பாடு. அதனால் அவன் வருகிற காட்சிகளையே குறைத்துவிட்டார்கள். குள்ளர்களோ பெரிய மூக்கும் உருண்டை வயிறுமாக இருப்பார்கள். அப்படி மனிதர்கள் உலகில் இல்லை. ஆனால் படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது குள்ளர்கள்தான். ராஜகுமாரனுடைய முகம் யாருக்கு ஞாபகம்?

பிளாஸ்டிக் ராஜ்யம்

கம்ப்யூட்டர் வந்தது. லாசெட்டர் 1987-ல் ஒரு கட்டுரை எழுதினார். டிஸ்னி ஓவியர்களின் பழைய விதிகள் கம்ப்யூட்டர் படத்துக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு அப்படி இல்லை. கம்ப்யூட்டர்காரர்கள் ஓவியர்களை மதிக்கவில்லை. ஓவியர்கள் கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தார்கள்.

அடுத்த ஆண்டே லாசெட்டருக்கு ஒரு பாடம் கிடைத்தது. 1988-ல் "டின் டாய்" என்ற குட்டிப் படம் எடுத்தார். தகர பொம்மை ஒன்று. அதைத் துரத்தும் கைக்குழந்தை ஒன்று. தகர பொம்மை பிரமாதம். குழந்தை? பார்த்தால் பயமாக இருக்கிறது. தோல் களிமண்போல் இருக்கிறது. முகம் சுளித்தால் கிழவன்போல் ஆகிறது. படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அந்தக் குழந்தையைக் கொஞ்சத் தோன்றாது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு நன்றாக வந்தது பிளாஸ்டிக். வழவழப்பான பரப்பு, பளபளப்பு, கெட்டியான உடம்பு. ஆகவே 1995-ல் முழுநீளப் படம் எடுத்தபோது பிக்சார் கம்பெனி பொம்மைகளையே கதாநாயகர்கள் ஆக்கியது. அதுதான் "டாய் ஸ்டோரி". முழுவதும் கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் முழுநீளப் படம். ஓடும் நேரம் 81 நிமிடம். வினாடிக்கு 24 படம் என்று கணக்குப் போட்டால், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள்!

அதிலே வரும் மனிதர்களை இன்று பார்த்தால் மரக்கட்டைபோல் இருக்கிறார்கள். பொம்மைகள் இன்னும் பழசாகவில்லை. 30 ஆண்டுக்கு முன் தெரிந்த குறையை மறைக்கத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்.

மலைக்கும் மலைக்கும் நடுவே

நிஜத்தை நெருங்க நெருங்க நமக்கு ஏன் பிடிக்காமல் போகிறது? இதற்கு ஒரு விளக்கம் ஜப்பானிலிருந்து வந்தது.

மசாஹிரோ மோரி என்பவர் டோக்கியோவில் பேராசிரியர். எந்திர மனிதன் செய்யும் சாஸ்திரம் அறிந்தவர். 1970-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு பொம்மை மனிதனைப்போல் ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடுகிறது. மலை ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அச்சாக மனிதனைப்போல் ஆகப்போகிற சமயத்தில், சிகரத்துக்குச் சற்று முன்னால், திடீரென்று ஒரு பெரிய பள்ளம்! பிரியம் போய் அருவருப்பு வருகிறது.

மோரி ஓர் உதாரணம் சொன்னார். கை இழந்தவருக்குச் செயற்கைக் கை பொருத்தியிருக்கிறார்கள். நகம், ரேகை, நரம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நிஜக் கை என்று நினைத்துக் குலுக்குகிறீர்கள். சில்லென்று இருக்கிறது. எலும்பு தட்டுப்படவில்லை. தூக்கிவாரிப் போடுகிறது அல்லவா? மரத்தால் செய்த கையாக இருந்தால் இந்தத் திடுக்கம் வராது. மரம் என்று முதலிலேயே தெரியும்.

அவர் சொன்ன யோசனைதான் முக்கியம். அந்தப் பக்கத்துச் சிகரத்துக்கு ஆசைப்படாதே. பள்ளத்துக்கு இந்தப் பக்கத்து மலையிலேயே நில் என்றார்.

ஏன் இந்தப் பள்ளம்? மனித முகத்தைப் படிப்பதில் நாம் எல்லோரும் பண்டிதர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முகம் படிப்பார். பிறந்து சில நாளே ஆன சிசுகூட முகத்தைத்தான் தேடிப் பார்க்கிறது. மாமியார் சிரிக்கிறாரா, சிரிப்பதுபோல் இருக்கிறாரா என்று மருமகளுக்கு ஒரு நொடியில் தெரியும். இந்தப் பரீட்சையில் கம்ப்யூட்டர் பாஸாக வேண்டும். நூற்றுக்கு 98 மார்க் வாங்கினாலும் பெயில்தான்! விளக்குக்கோ இந்தப் பரீட்சையே இல்லை.

இப்போது 2001-க்கு வருவோம். அந்தப் படத்தின் பெயர் "பைனல் பேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்". ஜப்பானின் புகழ்பெற்ற வீடியோ விளையாட்டின் பெயரில் வந்தது. அதன் கர்த்தா ஹிரோனோபு சாகாகுச்சியே டைரக்டர். ஹவாய்த் தீவில், ஹொனலூலு நகரில், இதற்கென்றே ஒரு படக்கூடம் கட்டினார்கள். பல ஆண்டு உழைத்தார்கள். கதாநாயகி அகி என்ற பெண். அவளை வருங்காலத்தில் வேறு படங்களிலும் நடிக்கவைக்கலாம் என்றுகூடத் திட்டம் போட்டார்கள். சம்பளம் கேட்காத நட்சத்திரம்!

வசூலானது சுமார் 8 கோடியே 50 லட்சம் டாலர். போட்ட பணம் திரும்பவில்லை. படக்கூடம் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த திறமைசாலிகள் வேறு இடம் தேடிப் போனார்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. வேலைப்பாடு அபாரம். போகக் கூடாத பள்ளத்துக்கு அவர்களை அனுப்பியது முதலாளிகளின் ஆசை.

ஒரே மாதம், இரண்டு படம்

2004 நவம்பரில் நடந்தது இன்னும் ருசிகரமானது. சில நாள் இடைவெளியில் இரண்டு கம்ப்யூட்டர் படங்கள் வெளிவந்தன.

ஒன்று "தி போலார் எக்ஸ்பிரஸ்". டைரக்டர் ராபர்ட் செமெக்கிஸ். புகழ்பெற்ற நடிகர் டாம் ஹாங்க்ஸ் பல வேடங்களில் நடித்தார். அவர் முகத்திலும் உடம்பிலும் சிறு சிறு புள்ளிகளை ஒட்டினார்கள். சுற்றிலும் காமிராக்கள். அவர் அசைய அசைய, ஒவ்வொரு புள்ளியும் எங்கே போகிறது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டது. அந்தக் கணக்கை வைத்துப் பொம்மையை ஆட்டினார்கள்.

ஆனால் கருவிழிமேல் புள்ளி ஒட்ட முடியாதே! கண் மாட்டிக்கொண்டது. ரெயிலில் போகிற குழந்தைகள் எங்கேயோ பார்க்கிறார்கள்; எதையும் பார்க்கவில்லை. விமர்சகர்கள் பலர் இதையே குறையாக எழுதினார்கள். படம் வசூலில் தோற்கவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்றும் மேல்நாட்டுக் குடும்பங்கள் பார்க்கின்றன. இருந்தாலும் "செத்த கண்" என்ற பேச்சு வந்தால் இந்தப் படத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

மற்றொன்று "தி இன்கிரெடிபிள்ஸ்". டைரக்டர் பிராட் பேர்ட். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். எல்லோரும் மனிதர்கள்தான். ஆனால் எப்படிப்பட்ட மனிதர்கள்! அப்பாவின் மார்பு கதவு அகலம், கால் குச்சி. அம்மாவின் கை ரப்பர்போல் நீளும். அம்மாவுக்கு ஏன் ரப்பர் கை? ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கை நீட்டாவிட்டால் குடும்பம் நடக்குமா? எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வாள். இதுதான் உண்மையான மிகை. இந்தப் படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது.

நமக்குத் தெரிந்த முகம்

நம் ஊர்க் கதையையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது.

2014 மே மாதம் "கோச்சடையான்" வந்தது. ரஜினிகாந்தின் மகள் சவுந்தர்யா டைரக்ட் செய்த படம். ரஜினிகாந்தின் அசைவுகளைப் புள்ளி ஒட்டிப் பதிவு செய்து, கம்ப்யூட்டர் உருவத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் இந்த அளவில் இதற்கு முன் யாரும் செய்யவில்லை. 2009-ல் காலமான நாகேஷையும் அதில் கம்ப்யூட்டர் மூலம் மறுபடி நடிக்கவைத்தார்கள். துணிச்சலான முயற்சி. அந்தத் துணிச்சலை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் உருவங்கள் விறைப்பாக இருக்கின்றன என்று விமர்சனம் வந்தது. அது தவறு என்று சொல்ல முடியவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரஜினிகாந்தின் முகம் தமிழருக்கு எப்படிப்பட்ட முகம்? சொந்த அண்ணன் முகத்தைவிட அதிகமாகப் பார்த்த முகம். அவர் எப்படித் திரும்புவார், எப்படி முடியைக் கோதுவார் என்று மூன்றாம் வகுப்புப் பையனும் நடித்துக் காட்டுவான். இப்படிப்பட்ட முகத்தை நிஜம்போலச் செய்து காட்டுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். மயிரிழை பிசகினாலும் பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ரஜினிகாந்தின் நடிப்பே மிகைதான். சாதாரண மனிதன் அப்படித் திரும்புவதில்லை. "ஸ்டைல்" என்று ஜனங்கள் சொல்வது அந்த மிகையைத்தான். அதைக் கைதேர்ந்த கார்ட்டூன் ஓவியரிடம் கொடுத்து, "இன்னும் பத்து மடங்கு ஆக்கு" என்று சொல்லியிருந்தால்? நமக்கு ஆசையாக இருக்கிறது. அந்தப் படம் இனிமேலாவது வரட்டும்.

மறுபக்கம்

நிஜம் வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய்யாகும்.

2002-ல் "லார்ட் ஆப் தி ரிங்ஸ்" இரண்டாம் படத்தில் கோலம் என்ற பாத்திரம் வந்தது. மெலிந்த உடம்பு, பெரிய கண். ஆண்டி செர்கிஸ் என்ற நடிகர் நடித்ததை வைத்துச் செய்தார்கள். அவன் தோல் நிஜத் தோல்போலவே இருந்தது. காரணம் உண்டு. இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். வெளிச்சம் தோலுக்குள் புகுந்து, உள்ளே சிதறி, வெளியே வருகிறது. இதற்கான கணக்கை விஞ்ஞானிகள் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். அது கோலத்துக்கு உதவியது. ஆனால் கண்ணைப் பெரிதாக்கியதும், முகபாவத்தைச் சீர்செய்ததும் ஓவியர்களின் வேலை. தோல் நிஜம், கண் மிகை.

2003-ல் "பைண்டிங் நீமோ" என்ற மீன் கதை. கடல் தண்ணீரை நிஜக் கடலே தோற்கும்படி செய்துகாட்டினார்கள். பிறகு, "இவ்வளவு நிஜம் வேண்டாம்" என்று குறைத்துக்கொண்டார்கள்! நிஜ மீனுக்குக் கண் இரு பக்கமும் இருக்கும், புருவம் இராது. நீமோவுக்குக் கண்ணை முன்னால் கொண்டுவந்தார்கள், புருவமும் கொடுத்தார்கள். மகனைத் தேடி அலையும் தகப்பன் மீனின் கவலை நமக்குத் தெரிய வேண்டுமே!

2019-ல் "லயன் கிங்" சிங்கக் கதையை மறுபடி எடுத்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். 1994-ல் கையால் வரைந்து வந்த படம் அது. புதிய படத்தில் சிங்கம் நிஜச் சிங்கமாகவே இருந்தது. நிஜச் சிங்கம் புருவத்தை நெரிக்காது, உதட்டைப் பிதுக்காது. தகப்பன் செத்துக் கிடக்கும்போது குட்டியின் முகம் அழவில்லை. குரல் மட்டும் அழுதது. பழைய படத்தைப் பார்த்து அழுதவர்கள் வித்தியாசத்தை உணர்ந்தார்கள்.

ஆனால் வசூல்? 160 கோடி டாலருக்கு மேல்! எனவே நிஜம் என்றாலே நஷ்டம் என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். பணம் வேறு. மனதில் நிற்பது வேறு. இரண்டும் சில சமயம் சேர்ந்து வரும். சில சமயம் வராது.

2018-ல் வந்த ஒரு சிலந்தி மனிதன் படம் இன்னொரு வேடிக்கை செய்தது. வழக்கமாக வினாடிக்கு 24 படம் என்றோமே, அதைப் பாதியாகக் குறைத்தார்கள். புதிதாக வித்தை பழகும் பையனுக்கு வினாடிக்கு 12 படம். பக்கத்தில் பறக்கும் அனுபவசாலிக்கு 24. பையன் தடுமாறுவது பார்த்த உடனே தெரிகிறது. எந்திரத்தால் வழவழப்பாகச் செய்ய முடியும்; வேண்டுமென்றே செய்யவில்லை. அந்தப் படமும் ஆஸ்கார் வாங்கியது.

கட்டணம் கட்டும் முன்

இனிப் பெற்றோருக்கு வருவோம்.

அனிமேஷன் கற்றுத்தரும் நிலையங்கள் இன்று பல ஊர்களில் உண்டு. விளம்பரத்தில் என்ன இருக்கிறது? பளபளக்கும் கார். நிஜம்போல ஒரு முகம். "இதை உங்கள் பிள்ளையும் செய்வான்" என்கிறார்கள். செய்வான். பொத்தானை எங்கே அழுத்துவது என்று ஓர் ஆண்டில் கற்றுக்கொள்வான்.

ஆனால் நிஜம்போல முகம் செய்வது இன்று மலிவாகிவிட்டது. கைபேசியில் நாலு வார்த்தை சொன்னால், செயற்கை அறிவு நிஜம்போன்ற முகத்தை நொடியில் போட்டுத் தருகிறது. ஹொனலூலுவில் பல ஆண்டு பாடுபட்டுச் செய்த காரியம் அது! பொத்தான் மட்டும் கற்ற பிள்ளைக்கு நாளைக்கு யார் வேலை கொடுப்பார்? இதைச் சொல்ல நமக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் நகை அடகுக் கடையில் இருக்கும்போது சொல்லாமல் இருக்க முடியாது.

ஆகவே நிலையத்துக்குப் போனால் விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள். ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். "பென்சில் பிடித்து வரையச் சொல்லித் தருவீர்களா? பந்து துள்ளுவதைச் சொல்லித் தருவீர்களா? எத்தனை வாரம்?" என்று கேளுங்கள். முதல் மாதமே முகம் செய்யலாம் என்பவரிடம் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். "ஆறு வாரம் பந்துதான், பிறகு மூட்டைதான், அழுகிற மூட்டையைக் காட்டினால்தான் அடுத்த பாடம்" என்று ஒருவர் சொன்னால், உட்கார்ந்து மேற்கொண்டு பேசுங்கள்.

பிள்ளை சிறியவனா? வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில்.

நோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு தாளிலும் ஒரு பந்து வரையச் சொல்லுங்கள். முதல் தாளில் பந்து மேலே. அடுத்தடுத்த தாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே. தரையைத் தொட்டதும் மறுபடி மேலே. மொத்தம் 20 தாள் போதும். எல்லாப் பந்தும் ஒரே வட்டமாக இருக்கட்டும். கட்டைவிரலால் சரசரவென்று புரட்டுங்கள். பந்து அசையும்.

இப்போது நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து இன்னொரு 20 தாள். இந்தத் தடவை விழும் பந்து கொஞ்சம் நீளட்டும். தரையில் மோதும் தாளில் மட்டும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோல் சப்பையாகட்டும். எழும்பும்போது மறுபடி நீளட்டும். மேலே போனதும் வட்டமாகட்டும்.

இரண்டையும் புரட்டிக் காட்டி, எது இரும்புக் குண்டு, எது ரப்பர் பந்து என்று தாத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள்.